பருவம் கொண்டுவரும் பொம்மைகள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் சாலையோரங்களில் நுங்குக் குலைகள் வந்து இறங்கிவிடும். வியாபாரி அரிவாளால் தலையைச் சீவி, சுளைகளை நோண்டியெடுத்துப் பையில் போட்டுக் கொடுப்பார். வாங்கியவர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். சுளை எடுத்த காய்கள் மரத்தடியில் குவிந்து காயும். காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு வேண்டிய பொருள் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது.

ஒரே அளவில் இரண்டு காய்களைப் பொறுக்க வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு உறுதியான குச்சி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் காய்களின் நடுவில் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். நுனியில் கவட்டை உள்ள நீளக் கம்பு ஒன்றை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். காய் பெரிதும் சிறிதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். குச்சி நடுவில் இல்லையென்றால் குதித்துக் குதித்து ஓடும். ஏன் இப்படி ஓடுகிறது என்று குழந்தை நின்று பார்க்கும், காயை மாற்றும், குச்சியைப் பிடுங்கி மறுபடி செருகும். நுங்கு வண்டியின் அருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நடக்கத் தொடங்கிய பிள்ளை உருட்டவும் இழுக்கவும் ஏதாவது தேடும் என்பதைத் தமிழ்ப் புலவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்துகொடுத்த சிறு வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே மகிழ்ந்துபோகும் சிறுவர்களை உவமையாகக் கொண்டுவருகிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று கால் சிறுதேர் உருட்டுகிறார்கள். காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் கழற்றி எறிந்த காதணி, அந்தத் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டையொட்டியே அமைந்திருக்கின்றன. பிள்ளையின் விளையாட்டைக் காவியக் கண்ணோடு பார்த்த மொழி இது.

நுங்கு வண்டி சில நாட்களில் காய்ந்து சுருங்கிவிடும். அதற்குள் இன்னொரு குலை வரும். ஆனி முடிந்தால் நுங்கும் முடிந்தது. அடுத்து காற்று வரும், காற்றாடி வரும். மழை வந்தால் கப்பல். மார்கழியில் பூசணிப்பூ. இப்படிப் பருவத்தோடு வந்து பருவத்தோடு போன பொம்மைகள் எதற்கும் விலை கிடையாது, பேட்டரி கிடையாது. அவை குழந்தைக்குச் சலிப்பதற்கு முன்பே விடைபெற்றுவிடும். அடுத்த ஆண்டு வரும்போது அந்தக் குழந்தைக்கு ஒரு வயது கூடியிருக்கும், கை இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே நெகிழிப் பெட்டிக்குள் கிடக்கும் பொம்மைகளால் இதைச் செய்ய முடிவதில்லை.

இன்று கடைகளில் ‘கிராஃப்ட் கிட்’ என்ற பெயரில் அழகான அட்டைப்பெட்டிகள் கிடைக்கின்றன. உள்ளே எல்லாம் வெட்டித் தயாராக இருக்கும்; எண் போட்ட இடத்தில் எண் போட்ட துண்டை ஒட்ட வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் போலவே வந்தால் வெற்றி. மழை நாளில் ஒரு மணி நேரத்தைக் கடத்த அது உதவலாம். ஆனால் தேர்ந்தெடுப்பது, அளப்பது, வெட்டுவது, தவறிப்போனதைச் சரிசெய்வது ஆகிய வேலைகளெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டன. குழந்தைக்கு மிஞ்சியது பசை தடவும் வேலை மட்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த சிற்பி சைமன் நிக்கல்சன் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் இஷ்டம்போல நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருட்கள் எத்தனை இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் படைப்பும் நடக்கும் என்பது அவர் வாதம். இதை அவர் உதிரிப் பொருட்களின் கோட்பாடு என்றார். கட்டடங்களையும் விளையாட்டுத் திடல்களையும் வடிவமைக்கும் பெரியவர்கள் படைக்கும் மகிழ்ச்சி முழுவதையும் தாங்களே எடுத்துக்கொண்டு குழந்தைகளை ஏமாற்றுகிறார்கள் என்பது அந்தக் கட்டுரையின் ஆதங்கம். புளியங்கொட்டை, கொட்டாங்குச்சி, ஈர்க்கு, கூழாங்கல், சோளத் தட்டை, துணிக் கிழிசல், தீப்பெட்டி என்று நம் வீடுகளில் கிடப்பவை எல்லாம் நிக்கல்சன் சொன்ன உதிரிப் பொருட்கள்தாம்.

இந்தியாவில் அந்த வழியைப் பலருக்குக் காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளோடு வேலை செய்தபோது, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் செய்யத் தொடங்கினார். மூன்று தீக்குச்சியை இணைத்தால் முக்கோணம், அது அசையாது. நான்கை இணைத்தால் சதுரம், தொட்டால் சாயும். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணம் ஏன் வருகிறது என்று குழந்தையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்தார். அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் சில மாதப் பயணம் பல ஆண்டுகளாக நீண்டது. அதில் ஒரு பகுதியை அவர் கொடைக்கானலில் கழித்தார். குழந்தையின் கைதான் அதன் அறிவுக்குக் கருவி என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. நம் தெருக்களில் பிள்ளைகள் ஓலை மடித்துக்கொண்டும் மண் பிசைந்துகொண்டும் இருந்த காலம் அது.

ஓலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் ஓலையிலிருந்து பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை எல்லாம் முடைவார்கள். கிலுகிலுப்பைக்குள் சில கூழாங்கற்களைப் போட்டு மூடிவிட்டால் கைக்குழந்தைக்குப் போதும். ஆனால் பிள்ளைகள் தாங்களே செய்தது காற்றாடி. ஓலையை நீளத் துண்டுகளாகக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, நான்கு பக்கமும் இறக்கை வரும்படி மடித்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி ஒரு தட்டையிலோ மட்டையிலோ செருகுவார்கள். முள் இறுக்கமாக இருந்தால் சுற்றாது. தளர்ந்திருந்தால் கழன்று விழும். இறக்கைகள் ஒரே பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்க வேண்டும். சாய்ந்த பரப்பில் காற்று மோதும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அதனால் சுழல்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும்போது முப்பந்தலில் சுழலும் பெரிய காற்றாலைகளுக்கும் தத்துவம் இதுதான். நாகர்கோவில் சாலையில் அவற்றைக் கடந்து போகும் குடும்பம், கையில் ஓர் ஓலைக் காற்றாடியோடு வண்டியை நிறுத்திப் பார்த்தால் பயணம் பாடமாகிவிடும்.

தென்னங்கீற்று இன்னும் எளிது. ஓலையிலிருந்து ஈர்க்கை உருவிவிட்டு மிச்சமுள்ள நாடாவைச் சுருட்டினால் பீப்பி. இரண்டு நாடாவை மாற்றி மாற்றி மடித்தால் நெளியும் பாம்பு. கட்டம் கட்டமாகப் பின்னினால் பந்து. கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் செய்யலாம். பாம்பு மடிப்பைச் செய்து பார்க்கும் குழந்தை ‘மேலே, கீழே, மேலே, கீழே’ என்று ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொள்கிறது. பாய் முடைவதும் துணி நெய்வதும் அதே ஒழுங்கில்தான் நடக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று தேவாலயத்தில் பெற்ற ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் தமிழகக் கிறிஸ்தவர்களிடம் இருக்கிறது. பெரியவர்கள் மடிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கை வேலைகளில் அதுவும் ஒன்று.

பூவரச இலைக்கு மடிக்கக்கூடத் தெரிய வேண்டாம். பழுக்காத இலையைக் காம்பு கிள்ளிச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் நாதஸ்வரம். சிறிய சுருளுக்குக் கீச்சுக் குரல், பெரிய சுருளுக்குக் கனத்த குரல். நான்கு பிள்ளைகள் நான்கு அளவில் சுருட்டி வைத்துக்கொண்டால் வீட்டில் ஒரு கல்யாணமே நடக்கும்.

எந்த வயதுக்கு எது என்ற கேள்வி பெற்றோருக்கு எப்போதும் உண்டு. இரண்டு வயதில் கிழிப்பது, கசக்குவது, கொட்டுவது, அள்ளுவது எல்லாமே கைவேலைதான். பழைய செய்தித்தாளைக் கிழிக்கக் கொடுத்தால் அந்த வயதின் விரல்களுக்குப் பெரிய பயிற்சி. மூன்று வயதில் மொட்டை முனைக் கத்தரிக்கோலால் காகித ஓரத்தை நறுக்கத் தொடங்கலாம். கோட்டின் மேல் வெட்டுவதற்கு ஐந்து வயதாவது ஆகும். முடிச்சுப் போடுவது அதற்கும் பிறகு. கிறுக்கலைப் பார்த்து ‘இது என்ன?’ என்று உடனே கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக், பல நாடுகளின் குழந்தைகள் வரைந்த லட்சக்கணக்கான படங்களைச் சேர்த்து ஆராய்ந்தவர். 1969இல் வெளியான தன் நூலில், எல்லாக் குழந்தைகளின் கிறுக்கலிலும் 20 அடிப்படைக் கோடுகள் திரும்பத் திரும்ப வருவதாக வகைப்படுத்தினார். அந்தக் கோடுகளிலிருந்து வட்டமும் சிலுவையும் சூரியனும் பிறந்து, கடைசியில்தான் மனித உருவம் வருகிறது. இரண்டு வயதில் ‘யானை வரை’ என்று கேட்பது, அந்தப் படிகளையெல்லாம் ஒரே தாவில் ஏறச் சொல்வதாகிவிடும்.

மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டுக்குள்ளே அடைபட்ட பிள்ளைகளைச் சமாளிப்பது பெரும்பாடு. அதற்காகவே பிறந்தது போல இருக்கிறது காகிதக் கப்பல். சாதாரணக் கப்பலை ஐந்து வயதில் மடித்துவிடலாம்; கத்திக் கப்பலுக்கு இன்னும் இரண்டு மழைக்காலம் தேவைப்படும். இங்கே ஒரு சின்னச் சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கப்பலின் அடிப்பகுதி முழுக்க மெழுகுக் கிரையானை அழுத்தித் தேய்த்துவிட்டு, தேய்க்காத இன்னொன்றோடு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டால், தேய்த்தது வெகுநேரம் நிற்கும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. ஒவ்வொரு கப்பலும் எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று எண்ணத் தொடங்கினால் சாயங்காலம் கழிந்துவிடும்.

களிமண் கையில் வருவதும் இந்தக் காலத்தில்தான். விநாயகர் சதுர்த்திக்கு முன்பு ஊர்ச் சந்தைகளில் பச்சைக் களிமண் பிள்ளையாரை அச்சில் அழுத்திச் செய்து விற்பார்கள். பிள்ளையாரோடு கூடவே ஒரு பிடி வெறும் களிமண்ணையும் கேட்டு வாங்கிவருவது நல்லது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டுதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் குழந்தை செய்த பிள்ளையாருக்கு அந்தக் கவலையே கிடையாது. வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். தும்பிக்கை ஒடிந்துபோகும், வயிறு ஒரு பக்கம் சரியும். அப்படியே பூசைக்கு வைக்கலாம். திருத்திக் கொடுக்க நீளும் கையைப் பெரியவர்கள் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

களிமண்ணுக்கும் கடையில் விற்கும் வண்ண மாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. களிமண் பதம் கேட்கும். தண்ணீர் கூடினால் ஒழுகும், குறைந்தால் வெடிக்கும். அந்தப் பதத்தைத் தேடி உருட்டியும் தட்டியும் கிள்ளியும் பழகும் விரல்களுக்குப் பிறகு பென்சில் பிடிப்பது சுலபமாகிறது. களிமண் கிடைக்காத வீட்டில் கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணீர், மஞ்சள் தூள் அல்லது பீட்ரூட் சாறு சேர்த்துப் பிசைந்தால் போதும். உப்பு இருப்பதால் சில நாள் கெடாது. குழந்தையும் ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு மறுமுறை வாயில் வைக்காது. ஆனால் உப்பு அதிகமுள்ள மாவை விழுங்குவது உடம்புக்கு ஆகாது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

நவராத்திரிக் கொலு என்றால் மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்த பொம்மைகள் படியேறும். கண்ணாடி ஷோகேஸ் போலத் தொடாதே, தொடாதே என்று ஒன்பது நாளும் பிள்ளைகளை விரட்டும் வீடுகள் உண்டு. படிக்குக் கீழே தரையில் பூங்கா அமைப்பதை மட்டும் முழுக்கப் பிள்ளைகளிடம் விட்டுவிடும் வீடுகளும் உண்டு. நவராத்திரிக்கு நான்கைந்து நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கடுகையோ கேழ்வரகையோ தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால், கொலு வைக்கும் நாளில் பச்சைப் புல்வெளி தயார். கண்ணாடித் துண்டுக்குப் பதில் வெள்ளித்தாள் விரித்தால் குளம், தீப்பெட்டிகளை ஒட்டினால் ரயில். புல் வளர வளர ஒன்பது நாளில் பூங்கா காடாகிவிடும். அதை வெட்டலாமா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் பெரிய விவாதம் நடக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளிலும் இதே போல வைக்கோலும் முளைப்பயிரும் மண்ணும் பிள்ளைகள் கைக்குப் போகின்றன. மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் வாசலில் ஏறுகிறது.

கார்த்திகையில் தீப்பொறி பறக்கும் மாவலியைச் செய்வது பெரிய பிள்ளைகளின் வேலை. ஆண்பனையின் பூவைக் குழிக்குள் போட்டு மூட்டமாக எரித்துக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டிக் கட்டி, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றில் பிணைத்துச் சுற்றுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதைச் சுற்றக் கூடாது. ஆனால் பூப்பொறுக்கப் போகலாம், கரியை இடிப்பதைப் பார்க்கலாம், தள்ளி நின்று பொறி வட்டத்தை ரசிக்கலாம். சிறு பிள்ளைகளுக்குப் பிசைந்த கோதுமை மாவில் அகல் செய்யும் வேலையைக் கொடுத்துவிடலாம்.

மார்கழி கோலத்தின் மாதம். தென் மாவட்டங்களில், குறிப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், அது சிறுவீட்டின் மாதமும்கூட. அங்கே பெண் பிள்ளைகள் காலையில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். பூ வாடியதும் அதைச் சாணியோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். மாதம் முழுக்க வரட்டி சேரும். வாசலில் மண்ணால் சின்னதாக ஒரு வீடு எழும்பும். அறை, அடுப்படி, வாசல் எல்லாம் அதில் இருக்கும். பொங்கல் முடிந்து தை மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டின் முன்னால் அடுப்பு மூட்டிச் சிறுவீட்டுப் பொங்கல் வைப்பார்கள். பூ வரட்டிகளில் கொஞ்சம் பொங்கலை வைத்து, சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். ஒரு மாதம் நீடிக்கும் கைவேலை அது. மண் குழைத்தல், பூப் பறித்தல், வீடு கட்டுதல், சமைத்தல், அண்டை வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சாப்பிடுதல் எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டைப் பிள்ளைகளை நடுவில் வைத்துக் கட்டிய சமூகத்தை மெச்சத்தான் வேண்டும். வாசலே இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் ஒரு மரப்பலகையில் மண்ணைக் குழைத்து இந்த வீட்டைக் கட்டலாம். ஆண் பிள்ளைகளும் சேர்ந்து கட்டலாம். மண்ணுக்கு அந்தப் பேதம் தெரியாது.

கோலத்தில் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதைச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1970களிலேயே காட்டினார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணிப்பொறி அறிவியலில் பட மொழிகளைப் பற்றிய ஆய்வுக்கு வாசல் கோலம் இப்படி உதவியிருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளி வைத்துக் கொடுத்து, புள்ளியைத் தொடாமல் சுற்றி வரச் சொன்னால் போதும். பச்சரிசி மாவு விரலிடுக்கில் வழிந்து கொட்டும், எறும்புக்குத் தீனி. மாவை விடுவதற்கு முன்னால் புளியங்கொட்டைகளையே புள்ளியாக வைத்து நடுவில் சணல் கயிற்றை வளைத்துப் பழகினால், தவறினால் அழிக்காமலேயே மாற்றலாம்.

நிறத்துக்கும் பருவம் உண்டு. செம்பருத்தியும் சங்குப்பூவும் பூத்திருக்கும் வீட்டில் வண்ணப்பெட்டி வாங்க அவசரமில்லை. சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டு ஆறவைத்தால் அடர்நீலம் இறங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை விழுந்தால் சிவப்பு தூக்கும், சமையல் சோடா போட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். மஞ்சள் நீரில் சோப்புக் கரைசல் ஒரு சொட்டு விழுந்தால் ஆரத்திச் சிவப்பு. பூவிலும் மஞ்சளிலும் உள்ள நிறமிகள் புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்பத் தங்கள் நிறத்தை மாற்றிக்கொள்வதால் இது நடக்கிறது. ஆரத்தியில் சுண்ணாம்பு இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பிள்ளைகள் கைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

எச்சரிக்கை இன்னும் சில உண்டு, அவற்றைக் கறாராகவே சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பல்லாங்குழிக்கு அழகு என்று அதைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. அரளி, ஊமத்தை விதைகளும் அப்படியே. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புளியங்கொட்டை, பாசிமணி, பட்டன் எதுவும் வேண்டாம், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். சர்வதேச பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்து. பட்டம் விடுவதென்றால் பருத்தி நூல் மட்டும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவையும் நைலான் நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. கழுத்தறுபட்டு உயிர்போன செய்திகளைப் படித்த யாரும் அந்தத் தடைக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

பரிசு கொடுத்துச் செய்யச் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் 1973இல் வெளியிட்ட ஆய்வு இது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் தானாகவே ஆர்வம் உள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வகுப்பில் வைத்தபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒன்று கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

பள்ளியில் கேட்கும் ‘ப்ராஜெக்ட்’ இந்த இடத்தில் நினைவுக்கு வரும். ஆறு வயதுப் பிள்ளையின் வீட்டுப்பாடமான தெர்மாகோல் மாட்டுவண்டியை இரவு பதினொரு மணிக்கு அப்பாவும் அம்மாவும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை தூங்கிவிட்டது. மறுநாள் பாராட்டு கிடைக்கும், யாருக்கு என்பதுதான் தெரியாது. பிள்ளையின் கோணல் வண்டியை அப்படியே அனுப்பும் துணிச்சல் பெற்றோருக்கும், அதை வாங்கி வைத்துக்கொண்டு ‘சக்கரத்தை எப்படிச் செருகினாய்?’ என்று கேட்கும் மனம் ஆசிரியருக்கும் வேண்டும்.

‘அழகா இருக்கு, சூப்பர்’ என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வதைவிட, கண்ணில் பட்டதைச் சொல்வது குழந்தையை மேலும் பேசவைக்கும். ‘பாம்புக்கு வாலைப் பச்சையா விட்டுட்டியே’ என்றால் போதும். அந்தப் பாம்பின் கதை முழுதும் வெளியே வரும். பாட்டி தாத்தா இருக்கும் வீடுகளுக்கு இதில் ஒரு கொடை இருக்கிறது. ‘தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது மழைக்கு என்ன செய்வீங்க?’ என்று பேத்தி கேட்டால், ஓலையும் முள்ளும் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து அவர் தொடங்குவார்.

திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரையில், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இல், குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளில் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் மருந்துச் சீட்டில் விளையாட்டையும் எழுதிக் கொடுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. செல்போனைப் பிடுங்குவது சண்டையில் முடியும். மேசையில் ஒரு தட்டு ஈரக் களிமண்ணை வைத்துவிட்டுப் பெரியவர் தானே உருட்டத் தொடங்கினால் பல நேரம் சண்டையில்லாமலேயே குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

இப்போது தொடங்க நினைப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கு நல்ல நாள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி 18 அன்று பிள்ளைகள் சின்னச் சப்பரத்தைக் கயிறு கட்டிக் காவிரிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். தச்சர்கள் செய்து விற்கும் மரச் சப்பரம் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் ஒரு செருப்புப் பெட்டி போதும். அறுந்த ரப்பர் செருப்பிலிருந்து நான்கு வட்டங்களைப் பெரியவர் வெட்டிக் கொடுக்க வேண்டும். நடுவில் துளையிட்டு ஈர்க்குக் கட்டைச் செருகினால் சக்கரம். பெட்டியின் மேல் நான்கு குச்சி நட்டு வண்ணக் காகிதம் வேய்ந்து, உள்ளே குழந்தைக்குப் பிடித்த சாமியையோ கரடி பொம்மையையோ உட்காரவைக்கலாம். அச்சு பெட்டிக்குள் உரசினால் ஓடாது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கயிற்றை முன்பக்கத்தின் நடுவில் கட்டாவிட்டால் சப்பரம் சாய்ந்துகொண்டு வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடாமல், இரண்டு தெரு இழுத்துப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.